ஸ்ரீகண்டேயின் பதினாறு முனைகள்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு அமைந்துள்ளது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் பரந்துள்ளது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்க, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகிறது. இரண்டும் கலக்கும் நீரில் இறாலும் நண்டும் மடவையும் பெருகுகின்றன. 1613ஆம் ஆண்டு டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையின் சிதைவுகளைக் காண வருவோர் பலர். ஆனால் கோட்டைக்கும் முந்திய பழக்கமாக மீனவர் கருதும் ஓர் ஒழுங்குமுறை இங்கே உண்டு என்பதை வருவோருள் சிலரே அறிவர். அதன் பெயர் பாடு.

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் கழி நட்டு வலை கட்டுவோருக்கு இறால் மிகுதியாகக் கிடைக்கும். உள்ளே தள்ளிப்போனால் குறையும். நல்ல இடத்தை முதலில் சென்றவர் பிடித்துக்கொள்ளலாம் என்றால் நாள்தோறும் சண்டை மூளும். எனவே வலை கட்டும் களங்களைப் பகுத்து, சீட்டுக் குலுக்கி முறையை வகுத்து, இன்று ஒரு களத்தில் தொழில் செய்தவர் அடுத்த முறையில் வேறொரு களத்துக்கு மாறும்படி ஊரார் ஏற்பாடு செய்துகொண்டனர். பாடு என்னும் சொல் வலைவிடும் களத்தையும், அங்கு வலைவிடும் உரிமையையும் சேர்த்தே குறிக்கும். இதையொத்த சீட்டு முறைகள் கேரளத்தின் காயல்களிலும் இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் உண்டு. துருக்கியின் அலன்யா என்னும் ஊரிலும் மீனவர் செப்டம்பர் மாதத்தில் சீட்டெடுப்பர். பின்னர் சனவரி வரை நாளும் ஒரு களம் கிழக்கே நகர்ந்து, அதன்பின் நாளும் ஒரு களம் மேற்கே நகர்வர். பொதுவளங்களை மக்கள் தாமே காக்க முடியும் என்று நிறுவி 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், 1990இல் வெளியிட்ட தம் நூலின் தொடக்கத்திலேயே அலன்யாவை எடுத்துக்காட்டினார்.

இந்த ஒழுங்கைத் தாளில் எழுதினால் ஒரு கணிதப் பொருள் தோன்றுகிறது. அப்பொருளை ஆராய்ந்து, 177 ஆண்டுகள் நிலைத்திருந்த ஓர் ஊகத்தைத் தகர்த்தவர்களுள் ஒருவர் இந்தியக் கணித அறிஞர் சரத்சந்திர சங்கர் ஸ்ரீகண்டே. கோட்டுருவியலில் ஒரு கோட்டுருவே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சுழலும் அட்டவணை

எடுத்துக்காட்டுக்காக நான்கு குழுக்கள், நான்கு களங்கள், நான்கு நாள்கள் எனக் கொள்வோம். கிடைவரிசை ஒவ்வொன்றும் ஒரு நாள். நெடுவரிசை ஒவ்வொன்றும் ஒரு குழு. கட்டத்தில் உள்ள எண் அன்று அக்குழுவுக்குரிய களம்.

1 2 3 4
2 3 4 1
3 4 1 2
4 1 2 3

எந்த நாளிலும் ஒரு களத்துக்கு இருவர் போட்டியிடுவதில்லை. எந்தக் குழுவும் ஒரே களத்துக்கு இருமுறை செல்வதில்லை. ஒவ்வோர் எண்ணும் கிடைவரிசைதோறும் ஒருமுறையும் நெடுவரிசைதோறும் ஒருமுறையும் வருகின்ற இத்தகைய அமைப்புக்கு இலத்தீன் சதுரம் என்று பெயர். எண்ணுக்கு மாறாக இலத்தீன் எழுத்துகளை இட்டு லியோனார்டு ஆய்லர் எழுதியதால் வந்த பெயர் இது. கோட்டுருவியல் பிறந்ததும் ஆய்லரிடத்தில்தான். 1736இல் கோனிக்சுபர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையே அத்துறையின் முதல் கட்டுரையாகக் கருதப்படுகிறது.

ஆய்லரின் கேள்வி இலத்தீன் சதுரத்தோடு நிற்கவில்லை. ஒரு சதுரத்தின்மேல் இன்னொன்றை வைத்தால், எண்ணும் எழுத்துமாகிய ஒவ்வொரு சோடியும் ஒரேயொரு முறை வருமாறு செய்ய முடியுமா? பாட்டின் மொழியில் சொன்னால், களம் மட்டுமன்றி வலையின் வகையும் நாள்தோறும் மாறவேண்டும். ஒவ்வொரு களத்திலும் ஒவ்வொரு வலையும் ஒருமுறை இறங்கவேண்டும். மூன்றுக்கு இது எளிது.

1அ 2ஆ 3இ
2இ 3அ 1ஆ
3ஆ 1இ 2அ

ஒன்பது சோடிகளும் ஒருமுறையே வந்திருப்பதை எண்ணிப் பார்க்கலாம். இவ்வாறு பொருந்தும் இரு சதுரங்களைச் செங்குத்துச் சதுரங்கள் என்பர். 2க்கு இத்தகைய இணை இல்லை என்பது எளிதில் விளங்கும். ஆறு படைப்பிரிவு, ஆறு பதவி, முப்பத்தாறு அலுவலர் என 6க்கு முயன்ற ஆய்லருக்கு விடை கிட்டவில்லை. 1782இல் அச்சான கட்டுரையில் அவர் இன்னும் ஒருபடி சென்று, 2, 6, 10, 14, 18, 22 என நான்கால் வகுத்தால் இரண்டு மீதி வரும் எந்த எண்ணுக்கும் இணை கிடையாது என்று ஊகித்தார். 1900ஆம் ஆண்டளவில் காஸ்தோன் டாரி என்னும் பிரெஞ்சுக்காரர் 6க்கான எல்லா வாய்ப்புகளையும் கையாலேயே சோதித்து, ஆய்லர் கூறியது அந்த எண்ணளவில் சரியே என்று காட்டினார். பெரிய எண்களை எவரும் அசைக்கவில்லை. ஆய்லரே சொன்னபின் அது பொய்க்குமா என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

வயலிலிருந்து வந்த கணிதம்

இந்தியர் இதற்குள் வந்த வழி வேளாண்மை வழி. ஒரு வயலில் நான்கு வகை நெல்லை ஒப்பிட வேண்டுமெனில், மண்ணின் வளம் இடத்துக்கு இடம் மாறுவதால் வரும் பிழையை நீக்கவேண்டும். அதற்கு இலத்தீன் சதுரமாகப் பாத்திகளைப் பிரிக்கும் முறையை இங்கிலாந்தில் ரொனால்டு ஃபிஷர் பரவச்செய்தார். நல்ல பாத்தி எல்லா வகைக்கும் ஒருமுறை கிடைக்கவேண்டும் என்பதும், நல்ல களம் எல்லாக் குழுவுக்கும் ஒருமுறை கிடைக்கவேண்டும் என்பதும் ஒரே கணக்கு. கல்கத்தாவில் மகலனோபிசு நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இக்கணக்கை வடிவியலின் துணையோடு ஆராய்ந்தவர் ராஜ் சந்திர போஸ். துகள் ஒன்றுக்குப் பெயர் தந்த சத்யேந்திரநாத் போஸ் வேறு, இவர் வேறு. 1949இல் போஸ் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

மத்தியப் பிரதேசத்தின் சாகர் நகரில் 1917 அக்டோபர் 19 அன்று பிறந்த ஸ்ரீகண்டே, அந்தப் பல்கலைக்கழகத்தில் போசின் மாணவராக 1950இல் முனைவர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிக் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1958இல் மீண்டும் அங்கே வருகைப் பேராசிரியராகச் சென்றபோது ஆசிரியரும் மாணவரும் ஆய்லரின் ஊகத்தை எடுத்தனர். முதலில் உடைந்தது 22. போசும் ஸ்ரீகண்டேயும் 22க்குச் செங்குத்து இணை ஒன்றை அமைத்துக் காட்டினர். கணினி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய எர்னஸ்ட் பார்க்கர் அடுத்து 10க்கு அமைத்தார். பின்னர் மூவரும் கூடி, 2, 6 ஆகிய இரண்டைத் தவிர எல்லா எண்ணுக்கும் இணை உண்டு என்று நிறுவினர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1959 ஏப்ரல் 26 அன்று இச்செய்தியை முதற்பக்கத்தில் வெளியிட்டது. ஆய்லரைப் பொய்யாக்கியோர் என்று மூவருக்கும் பட்டப்பெயர் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் சயண்டிபிக் அமெரிக்கன் இதழ், பத்துக்குப் பத்துச் சதுரத்தை வண்ண ஓவியமாக அட்டையிலேயே அச்சிட்டது. பின்னாளில் ஜார்ஜ் பெரெக் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர், 1978இல் வெளிவந்த தம் நாவலின் அத்தியாயங்களில் எப்பொருள்கள் இடம்பெறவேண்டும் என்பதை அத்தகைய சதுரங்களைக் கொண்டே வகுத்துக்கொண்டார்.

விதிவிலக்கே பெயரானது

ஆய்லர் ஊகத்தின் வீழ்ச்சி நாளிதழில் வந்தது. அதே 1959இல் ஸ்ரீகண்டே தனியாக வெளியிட்ட இன்னொரு கட்டுரை எந்த நாளிதழிலும் வரவில்லை. ஆயினும் இன்று கோட்டுருவியல் மாணவர் அவரை அறிவது பெரும்பாலும் அதனால்தான்.

கோட்டுரு என்பது முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட அமைப்பு. நான்குக்கு நான்கு சதுரங்கப் பலகையின் பதினாறு கட்டங்களை முனைகளாகக் கொள்வோம். யானை ஒரே நகர்வில் ஒரு கட்டத்திலிருந்து எந்தெந்தக் கட்டங்களுக்குச் செல்லுமோ அவற்றை விளிம்பால் இணைப்போம். ஒவ்வொரு முனைக்கும் ஆறு அண்டை முனைகள் இருக்கும். இணைந்த இரு முனைகளுக்கும் சரி, இணையாத இரு முனைகளுக்கும் சரி, பொது அண்டை முனைகள் இரண்டே இருக்கும். ஸ்ரீகண்டே கேட்ட வினா இது: பலகையின் அளவு எதுவாயினும், யானைக் கோட்டுருவுக்குரிய இந்த எண்ணிக்கைகள் எல்லாம் பொருந்திவந்தால், அது யானைக் கோட்டுருவாகவே இருந்தாகவேண்டுமா? ஆம் என்று அவர் நிறுவினார், ஓரளவை மட்டும் தவிர்த்து. நான்குக்கு நான்கில் எண்ணிக்கைகள் எல்லாம் ஒத்து, உள்ளமைப்பில் வேறுபட்ட ஒரேயொரு கோட்டுரு உண்டு. அதுவே ஸ்ரீகண்டே கோட்டுரு. ஒருமைப்பாட்டை நிறுவும் கட்டுரை என்று தலைப்பிடப்பட்ட ஒன்று, தன் விதிவிலக்கால் நிலைபெற்றது கணித வரலாற்றின் சுவையான முரண்களுள் ஒன்று.

இக்கோட்டுருவைத் தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. மேலே தந்த பாட்டு அட்டவணையிலேயே அது இருக்கிறது. அட்டவணையின் பதினாறு கட்டங்களை முனைகளாகக் கொண்டு, நாளும் குழுவும் களமும் ஆகிய மூன்றிலும் வேறுபடும் கட்டங்களை மட்டும் இணைக்கவேண்டும். முதல் நாள், முதல் குழு என்னும் மேல்மூலைக் கட்டத்தை எடுத்துக்கொண்டால், அதன் நாளைப் பகிர்வன மூன்று, குழுவைப் பகிர்வன மூன்று, களத்தைப் பகிர்வன மூன்று, எஞ்சுவன ஆறு. இந்த ஆறும் தம்முள் எவ்வாறு இணைகின்றன என்று வரைந்தால் ஓர் அறுகோணம் கிடைக்கும். யானைக் கோட்டுருவில் அதே ஆறு முனைகள் இரு தனித்தனி முக்கோணங்களாகப் பிரிந்து நிற்கும். வேறுபாடு இவ்வளவே.

நான்கு குழுக்களுக்கு வேறு வகையிலும் அட்டவணை அமைக்கலாம்.

1 2 3 4
2 1 4 3
3 4 1 2
4 3 2 1

இதிலும் எவருக்கும் குறைவில்லை. நியாயத்தில் முன்னதற்கு இது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஆனால் இதிலிருந்து அதே விதிப்படி கோட்டுரு வரைந்தால் முக்கோணங்கள் இரண்டு தோன்றும். யானைக் கோட்டுருவே கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. இந்தச் சதுரத்துக்குச் செங்குத்து இணை இருக்கிறது. நாளும் ஒரு களம் நகரும் முதற்சதுரத்துக்கு இல்லை. களத்தோடு வலையையும் சுழற்ற விரும்பும் நான்கு குழுக்கள், பழகிய எளிய சுழற்சியைக் கைவிட்டு இரண்டாம் அட்டவணைக்கு வரவேண்டியிருக்கும். ஆய்லரின் வினாவும் ஸ்ரீகண்டேயின் விதிவிலக்கும் இந்தச் சிறிய கட்டத்துக்குள் சந்திக்கின்றன.

எண்ணப்படும் மேற்கோள்

ஓர் ஆய்வின் தாக்கத்தை அளப்பது எப்படி? பின்வந்த கட்டுரைகள் அதை எத்தனை முறை மேற்கோள் காட்டின என்று எண்ணுவது இன்று பெருவழக்கு. 1960களில் யூஜின் கார்பீல்டு தொடங்கிய அறிவியல் மேற்கோள் சுட்டி இதற்கு வழிவகுத்தது. கட்டுரைகளை முனைகளாகவும் மேற்கோள்களை அம்புக்குறி இட்ட விளிம்புகளாகவும் கொண்டால் அதுவும் ஒரு கோட்டுருவே. 1965இல் டெரிக் டி சோலா பிரைசு அதை அவ்வாறே ஆராய்ந்தார். 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் எச் குறியீட்டெண்ணை முன்மொழிந்தார். ஒருவரின் கட்டுரைகளுள் ஏழேனும் ஏழு முறைக்குக் குறையாமல் மேற்கோள் காட்டப்பட்டு, எட்டுக்கு அவ்வாறு அமையாவிட்டால் அவர் குறியீட்டெண் 7. கணக்கிட எளிது என்பதால் பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் இவ்வெண்கள் புகுந்துவிட்டன.

ஸ்ரீகண்டேயின் பணியை இந்த அளவுகோல் முழுமையாகப் பிடிப்பதில்லை. சில தாக்கங்கள் உடனே தெரிந்தன. ஆய்லரின் ஊகம் வீழ்ந்த மறு ஆண்டே சர்வதமன் சௌலா, பால் ஏர்டிஷ், எர்னஸ்ட் ஸ்ட்ராஸ் மூவரும் அந்தக் கட்டுமானங்களைப் பயன்படுத்தி, சதுரம் பெரிதாகப் பெரிதாக ஒன்றுக்கொன்று செங்குத்தான சதுரங்களின் எண்ணிக்கையும் வரம்பின்றிப் பெருகும் என்று நிறுவினர். போஸ் 1963இல் வலுவொழுங்குக் கோட்டுரு என்னும் கருத்தை வரையறுத்தபோது, யானைக் கோட்டுரு, ஸ்ரீகண்டே கோட்டுரு போன்றவற்றுக்கு ஒரு பொதுக் குடும்பம் அமைந்தது. அதன்பின் நிகழ்ந்ததை எண்ணுவது கடினம். ஒரு கருத்து பாடநூலுக்குள் புகுந்தபின், எழுதுவோர் மூலக்கட்டுரையை விட்டுப் பாடநூலைக் காட்டுவர். பின்னர் அதையும் விட்டு, ஸ்ரீகண்டே கோட்டுரு என்று மட்டும் எழுதிச் செல்வர். பெயர் நிலைக்கும், எண்ணிக்கையில் ஒன்று குறையும். கலந்து கரைந்து மறைவதாகிய இந்நிகழ்வைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் சுட்டிக்காட்டியுள்ளார். பித்தகோரசை எவரும் அடிக்குறிப்பில் இடுவதில்லை அல்லவா?

கணிதத்தில் மேற்கோள் மெல்லவே வரும். மருத்துவக் கட்டுரை சில ஆண்டுகளில் பழையதாகிவிடக்கூடும். கணிதக் கட்டுரை அரை நூற்றாண்டுக்குப் பின்னும் புதிதாகத் தேவைப்படலாம். ஸ்ரீகண்டே கோட்டுருவுக்கு நிகழ்ந்ததும் அதுவே. இரண்டு கோட்டுருக்கள் ஒன்றா வேறா என்று கணினியால் கண்டறிய, முனைகளின் அண்டை முனைகளை எண்ணி ஒப்பிடும் முறையொன்றை 1968இல் வைஸ்ஃபெய்லரும் லேமனும் தந்தனர். வேதிப்பொருள்களின் மூலக்கூறுகளைக் கோட்டுருக்களாகக் கொண்டு கற்கும் இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பலவும் அம்முறையின் வழிவந்தவை. அவை எங்கே தோற்கும் என்று காட்ட ஆய்வாளர் எடுக்கும் சோடி பெரும்பாலும் ஒன்றே: நான்குக்கு நான்கு யானைக் கோட்டுருவும் ஸ்ரீகண்டே கோட்டுருவும். எல்லா எண்ணிக்கையும் ஒத்திருப்பதால் முனைகளை மட்டுமன்றி முனைச் சோடிகளை எண்ணும் முறையும் இவ்விரண்டையும் ஒன்றென்றே முடிவுகட்டும். எண்ணிக்கையை மட்டும் நம்பும் கருவிக்கு அறுகோணமும் முக்கோணங்களும் கண்ணில் படுவதில்லை. மேற்கோளை எண்ணித் தகுதியை அளப்போர் கருதத்தக்க செய்தி இது.

தமிழகத்திலும் இத்தகைய நீண்டகாலப் பணிக்குச் சான்று உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கே.ஆர். பார்த்தசாரதி, ஜி. ரவீந்திராவுடன் இணைந்து, குளோத் பெர்ஜின் செவ்விய கோட்டுரு ஊகம் கோட்டுருக்களின் ஒரு பெருவகுப்புக்கு உண்மை என்று 1976இல் காட்டினார். முழு ஊகமும் நிறுவப்பட்டு அச்சேறியது 2006இல். முழுத்தேற்றம் வந்தபின் அதன் பகுதிகளைக் காட்டுவோர் குறைவர். முப்பது ஆண்டுக்கால ஏணியின் இடைப்படிகள் அவ்வாறே மறைகின்றன.

அட்டவணைக்கு வெளியே

எண்ணுதல் பற்றிய கேள்வி பழவேற்காட்டிலும் உண்டு. அட்டவணைக்குள் இருப்போருக்குப் பாடு நியாயமானது என்பதைக் கணிதமே காட்டுகிறது. அட்டவணையில் நெடுவரிசை யாருக்கு உண்டு என்பதைக் கணிதம் சொல்லாது. மரபுவழி உரிமையுடைய ஊர்களுக்கே பாடு உரியது. இறாலுக்கு நல்ல விலை வந்தபின் ஏரித்தொழிலுக்கு வந்த பிற ஊரார்க்கும், சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கும் அதில் இடமில்லை. இதன்பொருட்டுப் பூசல்களும் நேர்ந்துள்ளன. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் காலங்களில் ஓட்டம் மாறுகிறது. நேற்று முதற்களமாக இருந்தது இன்று வெறுங்களமாகிறது. அப்போது சதுரம் மாறாவிட்டாலும் அதன் எண்களுக்குப் பொருள் மாறிவிடுகிறது.

ஸ்ரீகண்டே 1960இல் தாயகம் திரும்பிக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1963இல் பம்பாய்ப் பல்கலைக்கழகக் கணிதத் துறையின் முதல் தலைவராகப் பொறுப்பேற்று, 1978இல் ஓய்வுபெறும் வரை அத்துறையை வளர்த்தார். பின்னர் 1983 முதல் 1986 வரை அலகாபாத் மேத்தா ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். அவர் மகன் மோகன் ஸ்ரீகண்டேயும் இதே துறையில் ஆய்வாளரானார். 2020 ஏப்ரல் 21 அன்று, 102 வயதில், ஸ்ரீகண்டே மறைந்தார்.

அவரும் போசும் பார்க்கரும் திறந்த கதவுக்கு அப்பால் ஒரு கேள்வி இன்னும் எஞ்சியுள்ளது. பத்துக்குப் பத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தான சதுரங்கள் இரண்டு உண்டு என்பது 1959 முதல் தெரியும். ஒன்பது இல்லை என்பதை 1989இல் கிளமெண்ட் லாமும் குழுவினரும் நெடுநேரக் கணினித் தேடலால் காட்டினர். மூன்று உண்டா என்பதற்கு மட்டும் இதுவரை எவரும் விடை கண்டிலர்.